நெரிசலான ஆபீஸில் வைஃபை ஏபி மாற்றப் போகிறீர்களா? ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள்

போன வருடம் எங்கள் ஆபீஸில் வைஃபை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஐடி பார்க்கில் இரண்டு தளம், 620 இருக்கை, 38 பழைய வைஃபை 5 ஏபி (ஆக்சஸ் பாயிண்ட், சீலிங்கில் மாட்டி வைஃபை சிக்னல் தரும் பெட்டி). செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எல்லாரும் வந்தாக வேண்டும் என்று விதி வந்த பிறகு நெட்வொர்க் திணற ஆரம்பித்தது. வெண்டரைக் கூப்பிட்டோம். "பழசைக் கழட்டிட்டு அதே இடத்துல புதுசை மாட்டிடலாம் சார், ஒரு சனி ஞாயிறு போதும்" என்றார். நாங்களும் சரி என்று முதல் தளத்தில் மட்டும் 19 ஏபி மாற்றினோம்.

அடுத்த செவ்வாய் காலை 10.40 மணிக்கு நான் அந்தத் தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். மீட்டிங் ரூமில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, தாழ்வாரத்தில் நின்றபடியே மீட்டிங்கை முடித்தார். அவர் தலைக்கு நேர் மேலே புது ஏபி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட இடத்தில் அது இல்லை, தாழ்வாரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலில் இருந்து திட்டமிட்டு முடிக்க நாலரை மாதம் ஆனது. அதில் நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். இப்போதுதான் இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எத்தனை ஏபி, எந்த மாடல் என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும்.

1. முதலில் லேப்டாப்புகளை எண்ணுங்கள்

ஏபி எவ்வளவு புதியதாக இருந்தாலும் எதிரே பேசும் லேப்டாப்பின் வைஃபை கார்டு எதைத் தாங்குகிறதோ அதுதான் கிடைக்கும். அதனால் முதல் வேலை ஒரு எக்செல் ஷீட். எந்த மாடல் லேப்டாப், எத்தனை, எந்த வைஃபை கார்டு, எந்த விண்டோஸ். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கில் இருந்தால் இன்ட்யூன் போன்ற நிர்வாகக் கருவியில் இருந்து பட்டியல் எடுங்கள்.

இன்டெல் ஏஎக்ஸ்201 என்று இருந்தால் அது வைஃபை 6, ஆனால் 6 கிகாஹெர்ட்ஸ் (சுருக்கமாக 6 கிகா) அலைவரிசை வராது. ஏஎக்ஸ்210 அல்லது ஏஎக்ஸ்211 என்றால் வைஃபை 6இ, 6 கிகா வரும், ஆனால் விண்டோஸ் 11 வேண்டும். பிஇ200 என்றால் வைஃபை 7. அதை முழுசாகப் பயன்படுத்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வேண்டும். எங்கள் பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு ஏஎக்ஸ்201. அதாவது, வைஃபை 7 ஏபி வாங்கியிருந்தாலும் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் பழைய 5 கிகா சாலையில்தான் ஓடியிருப்பார்கள். இந்த ஒரு ஷீட்டைக் காட்டியதும் மேலிடத்தில் "லேட்டஸ்ட்தானே வாங்கணும்?" என்ற பேச்சு நின்றது.

லேப்டாப் மட்டும் போதாது. பிரிண்டர், மீட்டிங் ரூம் திரை, வாசல் கதவு ரீடர், கேன்டீன் பில்லிங் மெஷின் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். இவற்றில் பல 2.4 கிகாவில் மட்டும் பேசும், டபிள்யூபிஏ3 என்னும் புதிய வைஃபை பாதுகாப்பு முறை தெரியாது. 6 கிகாவில் டபிள்யூபிஏ3 கட்டாயம், டபிள்யூபிஏ2 அங்கே செல்லாது. பழைய சாதனங்களுக்குத் தனியாக ஒரு எஸ்எஸ்ஐடி (வைஃபை பட்டியலில் தெரியும் பெயர்) தேவைப்படும் என்பதை இப்போதே குறித்து வையுங்கள், மாற்றும் நாள் இரவில் கண்டுபிடிக்காதீர்கள்.

2. இருக்கைக் கணக்கு: சதுர அடியைப் பார்க்காதீர்கள்

வெண்டர்கள் சதுர அடிக்கு இத்தனை ஏபி என்று போடுவார்கள். கிடங்குக்கு அது சரி. ஆபீஸுக்குச் சரிவராது. சிக்னல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும், ஆனால் ஒரே ஏபியில் நூறு பேர் தொங்கினால் ஒருவருக்கும் வேலை நடக்காது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். வைஃபை 6-ல் வந்த, சேனலைப் பலருக்குப் பிரித்துத் தரும் ஓஎஃப்டிஎம்ஏ இந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் குறைக்கிறது, ஒழிக்கவில்லை.

நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். 120 இருக்கை உள்ள ஒரு ஹால். ஆளுக்கு லேப்டாப் ஒன்று, போன் ஒன்று, ஆக 240 சாதனம். உச்ச நேரத்தில் நூற்றுக்கு நாற்பது பேர் வீடியோ மீட்டிங்கில் இருப்பார்கள் என்று வைத்தால் 48 மீட்டிங். ஒரு மீட்டிங்குக்குப் போக வர 4 எம்பிபிஎஸ் என்றால் 192 எம்பிபிஎஸ். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இரண்டு ஆன்டெனா லேப்டாப்புக்குக் காகிதத்தில் 287 எம்பிபிஎஸ் வரும். தூரத்து ஆட்கள், மறு அனுப்பல், கட்டுப்பாட்டுச் செய்திகள் எல்லாம் கழித்து, சேனல் பாதிக்கு மேல் நிரம்பாமல் வைக்க வேண்டும் என்றும் பார்த்தால், ஒரு ஏபிக்கு 60 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் நான் நம்ப மாட்டேன். 192-ஐ 60-ஆல் வகுத்தால் மூன்றே சொச்சம், எனவே 4 ஏபி. இன்னொரு பக்கம் இருந்து பார்த்தாலும் ஏபிக்கு 60 சாதனம் என்ற வரம்பில் 240-க்கு 4. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் பெரிய எண்ணை எடுங்கள்.

இதை ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். குறிப்பாக டிரெய்னிங் ரூம், கேன்டீன், டவுன்ஹால் நடக்கும் இடம். கேன்டீன்தானே என்று விடாதீர்கள். மதியம் ஒரு மணிக்கு 300 போன் அங்கே இருக்கும். ஆளுக்கு ஒரு வீடியோ ஓடும்.

இருக்கை வரைபடத்தை ஹெச்ஆரிடமோ ஃபெசிலிட்டி ஆட்களிடமோ கேளுங்கள். அடுத்த வருடம் எந்த டீம் எங்கே வருகிறது என்றும் கேளுங்கள். எங்களுக்கு அப்படிக் கேட்டதில்தான் இரண்டாம் தளத்தில் ஒரு மூலைக்கு 60 பேர் கூடுதலாக வருவது தெரிந்தது.

3. சர்வே எடுங்கள், அதுவும் இரண்டு முறை

முதலில் கம்ப்யூட்டரில் செய்வது. எகஹாவ், ஹமினா மாதிரி மென்பொருளில் தளத்தின் வரைபடத்தை ஏற்றி, சுவர்களைக் குறித்து, ஏபிக்களை வைத்துப் பார்ப்பது. இதற்கு ஆட்டோகேட் வரைபடம் வேண்டும், பிடிஎஃப்-ஐ வைத்து அளவு போட்டால் சில அடி தவறும். வரைபடம் பில்டிங் மேனேஜ்மென்ட்டிடம் இருக்கும், ஆனால் உள்ளே உங்கள் கம்பெனி போட்ட கண்ணாடித் தடுப்பு, ஜிப்சம் சுவர் எல்லாம் அதில் இருக்காது. இன்டீரியர் வேலை செய்த கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். எங்களுக்கு இதற்கே பத்து நாள் போனது.

அடுத்து நேரில். ஒரு ஏபியை ஸ்டாண்டில் ஏற்றி, உண்மையான உயரத்தில் வைத்து, சுற்றி நடந்து அளப்பது. லிஃப்ட் கிணறும் அதைச் சுற்றிய கான்கிரீட் சுவரும் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகச் சிக்னலை விழுங்கின. கண்ணாடி மீட்டிங் ரூமோ எதிர்மாறு, அதில் ஒட்டியிருந்த படலத்தைத் தாண்டியும் பக்கத்து அறை சிக்னல் தாராளமாக வந்தது. இதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும்.

எந்த இருக்கையிலும் 5 கிகாவில் மைனஸ் 67 டிபிஎம்-க்குக் குறையாமல் சிக்னல், இரைச்சலைவிட 25 டிபி மேலே. இதுதான் குரல், வீடியோவுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. இதை ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். "நல்ல கவரேஜ்" என்று மட்டும் எழுதினால் கடைசியில் எது நல்லது என்று வாதாட வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை காலி ஆபீஸில் எடுத்த சர்வேயை மட்டும் நம்பாதீர்கள். சுவர் அப்படியே இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். மனித உடம்பும் சிக்னலைக் குடிக்கும். பக்கத்துக் கம்பெனியின் வைஃபையும் அன்று தூங்கிக்கொண்டிருக்கும். செவ்வாய் காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே ஒரு முறை லேப்டாப்போடு நடந்து சேனல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ஏபிக்களை எல்லாம் நிர்வகிக்கும், ஏற்கெனவே உள்ள கன்ட்ரோலரிலேயே இந்த எண் கிடைக்கும்.

4. சேனலும் பவரும்: எங்கள் பழைய தவறு இங்கேதான்

5 கிகாவில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 25 சேனல் கிடைக்கும். 40 ஆக்கினால் 12. 80 ஆக்கினால் வெறும் 6. ஒரு தளத்தில் 20 ஏபி பக்கம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் 80-ல் ஓட விட்டால் மூன்று, நான்கு ஏபி ஒரே சேனலில் ஒன்றின் குரலை ஒன்று கேட்டபடி காத்துக் கிடக்கும். எங்கள் முதல் தளத்தில் நடந்தது அதுதான். பெட்டியில் இருந்து வந்தபடியே விட்டிருந்தார்கள். நெரிசலான ஹாலுக்கு 20, ஆள் குறைந்த இடத்துக்கு 40, இது போதும். யாராவது போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு "முன்னாடி 500 வந்துது, இப்போ 180 தான் வருது" என்பார். 180 எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நிலையாகக் கிடைப்பதுதான் நமக்கு வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிப் புரிய வையுங்கள்.

52-ல் இருந்து 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்வது. ரேடார் சத்தம் கேட்டால் ஏபி அந்தச் சேனலை உடனே விட்டு ஓட வேண்டும், அதில் இருக்கும் மீட்டிங்கும் ஒரு கணம் தடுமாறும். அதற்குப் பயந்து இவற்றைத் தவிர்த்தால் மிச்சம் 9 சேனல்தான். தவிர்க்காதீர்கள். ஒரு மாதம் ஓட விட்டு, எந்தச் சேனலில் அடிக்கடி ரேடார் நிகழ்வு பதிவாகிறதோ அதை மட்டும் நீக்குங்கள்.

பவரை முழுசாக வைக்க வேண்டாம். ஏபி சத்தமாகக் கத்தினால் லேப்டாப்புக்குக் கேட்கும், லேப்டாப் பதில் சொல்வது ஏபிக்குக் கேட்காது. 5 கிகாவில் 12-ல் இருந்து 15 டிபிஎம், 2.4-ல் அதைவிட 6 குறைவு என்று ஆரம்பித்து சர்வே சொல்வதற்கேற்ப மாற்றுங்கள். 2.4 கிகாவில் மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. அதனால் அங்கே மூன்றில் இரண்டு ஏபிக்களில் 2.4 ரேடியோவையே அணைத்துவிடலாம். நாங்கள் அணைத்தோம், பிரிண்டர்கள் கூடப் புகார் சொல்லவில்லை.

எஸ்எஸ்ஐடி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஊழியர், விருந்தினர், சாதனங்கள். 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே உள்ள வேகங்களை அணைத்துவிடுங்கள், பழைய 1, 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒருவர் பேசினால் அந்தச் சேனலில் மற்ற எல்லாருடைய நேரமும் போகும்.

6 கிகா பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இந்தியாவில் 5925-ல் இருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த 500 மெகாஹெர்ட்ஸில் 80 அகலத்தில் 6 சேனல், 160 அகலத்தில் 3. வெளிநாட்டு வீடியோக்களில் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சொல்வார்கள், அது அமெரிக்கக் கணக்கு, நமக்கு இல்லை. மாடல் முடிவு செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்கான ஈடிஏ சான்றிதழில் (வயர்லெஸ் கருவிக்கு இந்திய அரசு தரும் ஒப்புதல்) 6 கிகா பேண்டும் இருக்கிறதா? டேட்டா ஷீட்டில் இருப்பது வேறு, இந்தியாவுக்கான சான்றிதழில் இருப்பது வேறு.

5. கேபிள், சுவிட்ச், மின்சாரம்

ஏபிக்கு மின்சாரம் சுவிட்சில் இருந்து நெட்வொர்க் கேபிள் வழியாகவே வரும், இதற்குப் பெயர் பிஓஇ. எங்கள் புது ஏபிக்களில் ஆறு மட்டும் மற்றவற்றைவிட மெதுவாக இருந்தன. இரண்டு நாள் சேனல், டிரைவர், ஃபர்ம்வேர் என்று தேடினேன். கடைசியில் சுவிட்சில் போய்ப் பார்த்தால் அந்த ஆறு போர்ட்டும் 15.4 வாட் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தன. அது பழைய சுவிட்ச், 802.3ஏஎஃப். ஏபிக்குத் தேவை 30 வாட் வகையான 802.3ஏடி. மின்சாரம் குறைந்தால் ஏபி அணையாது. தானாகவே ஆன்டெனாக்களில் சிலவற்றை நிறுத்திக்கொண்டு, பவரைக் குறைத்துக்கொண்டு ஓடும். விளக்கு பச்சையாகவே இருக்கும். கன்ட்ரோலரில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு குறிப்பு வரும், அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: ஒரு போர்ட் அதிகபட்சம் எத்தனை வாட் தரும், மொத்த பிஓஇ பட்ஜெட் எத்தனை வாட். 24 போர்ட் சுவிட்ச், பட்ஜெட் 370 வாட் என்றால் 30 வாட் ஏபி 12-தான் தாங்கும். 24 போர்ட் இருக்கிறதே என்று 24 மாட்ட முடியாது. வைஃபை 7 ஏபிக்களில் பலவற்றுக்கு எல்லா ரேடியோவும் முழுசாக ஓட 802.3பிடி, அதாவது போர்ட்டுக்கு 60 வாட் தரும் சுவிட்ச் வேண்டும். யூபிஎஸ் கணக்கிலும் இதைச் சேருங்கள். 46 ஏபிக்கு 30 வாட் வீதம் கிட்டத்தட்ட 1,400 வாட். ராக் அறை ஏசியும் இதைத் தாங்க வேண்டும்.

மல்டிகிக் சுவிட்ச், அதாவது 1 கிகாபிட்டுக்கு மேல் போகும் போர்ட் உள்ளது, வேண்டுமா? 20, 40 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏபிக்கு 1 கிகாபிட் போர்ட் உண்மையில் போதும். 40 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா லேப்டாப்புக்குக் காகிதத்தில் வருவதே 574 எம்பிபிஎஸ்தான், நடப்பில் பாதி. 6 கிகாவில் 80 அகலத்தைச் சேர்க்கும்போதுதான் 2.5 கிகாபிட் போர்ட்டுக்கு அர்த்தம் வரும். பணம் குறைவாக இருந்தால் வேகத்தில் மிச்சம் பிடியுங்கள், மின்சாரத்தில் பிடிக்காதீர்கள்.

கேபிளுக்கு வருவோம். 2.5 கிகாபிட்டுக்கு நல்ல கேட் 5இ-யே நூறு மீட்டர் வரை போதும். புதிதாக இழுப்பதாக இருந்தால் கேட் 6ஏ இழுத்துவிடுங்கள், கூலி எப்படியும் அதேதான். சுவரில் 90 மீட்டர், இரண்டு பக்கம் பேட்ச் கார்டு 10 மீட்டர், அதைத் தாண்டக் கூடாது. பழைய கேபிளை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஃப்ளூக் டெஸ்டரில் போட்டு ரிப்போர்ட் வாங்குங்கள். எங்களுக்கு 38-ல் 5 தேறவில்லை. ஒன்றில் ஃபால்ஸ் சீலிங் கம்பிக்கும் ஏசி டக்ட்டுக்கும் நடுவே கேபிள் நசுங்கி தட்டையாகக் கிடந்தது. அதே இடத்தில் ஏபியையும் சீலிங் ஓட்டுக்கு மேலே டக்ட்டின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். ஏபி எப்போதும் சீலிங்குக்குக் கீழே, முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும்.

6. டிஹெச்சிபி

ஒவ்வொரு சாதனத்துக்கும் நெட்வொர்க் முகவரி தருவது இதுதான். சின்ன விஷயம், ஆனால் பெரிய குழப்பம் தரும். 254 முகவரி மட்டும் உள்ள ஒரு விஎல்ஏஎன்-ல் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) 600 பேரின் லேப்டாப்பும் போனும் வந்தால் பெரும்பாலானவற்றுக்கு முகவரி கிடைக்காது, எல்லாரும் "வைஃபை வரலை" என்றுதான் சொல்வார்கள். லீஸ் நேரம், அதாவது ஒரு முகவரி ஒருவரிடம் இருக்கும் காலம், 8 நாள் என்று இருந்தால் திங்கட்கிழமை வந்துபோன விருந்தினரின் முகவரி அடுத்த வாரம் வரை பிடிபட்டே கிடக்கும். விருந்தினருக்கு 4 மணி நேரம், ஊழியருக்கு ஒரு நாள் என்று வைத்து, இந்த 1,200 சாதனத்துக்கும் போதுமான பெரிய ஸ்கோப்பாக (முகவரித் தொகுப்பாக) மாற்றுங்கள்.

7. காகித வேலை: யாரும் முன்கூட்டிச் சொல்லாதது

எனக்கு அதிகம் நேரம் போனது இங்கேதான். தொழில்நுட்பம் எல்லாம் தயார், பெட்டிகள் கேட்டில் நிற்கின்றன, உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

வெண்டரிடம் வாங்க வேண்டியது: அந்த மாடலின் ஈடிஏ சான்றிதழ் நகல், உற்பத்தியாளர் வெண்டருக்குக் கொடுத்த அங்கீகாரக் கடிதம், சீரியல் நம்பர் பட்டியல், வாரன்டி உங்கள் கம்பெனி பெயரில் இருப்பதற்கான சான்று, லைசன்ஸ் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்ற எழுத்து உறுதி. துபாயிலோ சிங்கப்பூரிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நாட்டுக் குறியீடு வேறாக இருக்கும், சேனல்கள் சரியாக வராது, வாரன்டியும் இங்கே செல்லாது.

பில்டிங் மேனேஜ்மென்ட்டுக்குக் கொடுக்க வேண்டியது: வேலை அனுமதி விண்ணப்பம், வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை நகலும், உயரத்தில் ஏறும் வேலைக்கான தனி அனுமதி, கான்ட்ராக்டரின் தொழிலாளர் இன்சூரன்ஸ் நகல், உள்ளே வரும் பொருளுக்கும் வெளியே போகும் பொருளுக்கும் கேட் பாஸ். ஏணி, டிரில் மெஷின், சர்வே கருவி எல்லாம் திரும்பக் கொண்டுபோகும் கேட் பாஸில் உள்ளே வர வேண்டும். மறந்துவிட்டால் இரவு இரண்டு மணிக்கு வேலை முடித்த பையன்கள் தங்கள் சொந்த டிரில்லோடு வாசலில் காத்திருக்க நேரும். எங்களுக்கு நேர்ந்தது.

உங்கள் ஆபீஸ் செஸ்-க்குள் (சிறப்புப் பொருளாதார மண்டலம்) இருந்தால் இன்னும் கொஞ்சம் உண்டு. வெண்டர் எல்யூடி என்னும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து ஜிஎஸ்டி இல்லாமல் பில் போடலாம், ஆனால் பொருள் உள்ளே வந்த பிறகு அந்தப் பில்லில் செஸ் அதிகாரியின் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். அது தாமதமானால் வெண்டர் விரட்டிக்கொண்டே இருப்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. பழைய ஏபிக்களை செஸ்-க்கு வெளியே எடுக்கும்போது தேய்மானம் கழித்த மதிப்பின் மேல் வரி கட்ட வேண்டியிருக்கும், அதற்கும் தனி ஆவணம் உண்டு. உங்கள் கம்பெனியில் செஸ் வேலை பார்க்கும் ஆளை, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுவதற்கு முன்பே ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நான் பொருள் வந்த பிறகு கூப்பிட்டேன், மூன்று வாரம் போனது.

பழைய பெட்டிகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து சான்றிதழ் வாங்குங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதில் உங்கள் நெட்வொர்க்கின் ரகசியங்கள் இருக்கின்றன.

8. செலவு

எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் நடுத்தர வைஃபை 6 ஏபி ஒன்று 40 ஆயிரம் ரூபாய் பக்கம் இருந்தது, வைஃபை 7 ஏபி 70 ஆயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் மொத்தச் செலவில் ஏபி பாதிதான். மீதிப் பாதி லைசன்ஸ், பிஓஇ சுவிட்ச், கேபிள், சர்வே, இரவுக் கூலி. கேபிள் ஒரு பாயிண்டுக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டோடு ஐந்தரை ஆயிரம் ஆனது. செஸ்-க்கு வெளியே என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம் என்றாலும் முதலில் கையில் இருந்து போக வேண்டும்.

லைசன்ஸை நன்றாகப் பாருங்கள். கிளவுடில் இருந்து நிர்வகிக்கும் ஏபிக்களில் சிலவற்றுக்குச் சந்தா முடிந்தால் நிர்வாகம் மட்டும் நிற்கும், சிலவற்றில் ஏபியே வேலை செய்யாமல் போகும். எது என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று வருடச் சந்தாவும் ஐந்து வருடச் சந்தாவும் எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டு விலையும் வாங்குங்கள். நாங்கள் ஐந்து எடுத்தோம், ஏபியின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கொட்டேஷனில் "இன்ஸ்டலேஷன்" என்று ஒரே வரி இருந்தால் விரித்து எழுதச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றுவது, சீலிங் ஓட்டை அடைப்பது, லேபிள் ஒட்டுவது, மாட்டிய பிறகு எடுக்கும் சர்வே, அதில் குறை வந்தால் ஏபியை இடம் மாற்றுவது. இந்த ஐந்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். கடைசி இரண்டும் பெரும்பாலும் இருக்காது. மொத்தத்தில் பத்து சதவீதம் கையிருப்பும், இரண்டு ஏபி உபரியும் சேர்த்து அனுமதி வாங்குங்கள். பணத்தில் இருபது சதவீதத்தைக் கடைசி சர்வே தேறிய பிறகு தருவதாக பிஓ-வில் எழுதுங்கள்.

9. எத்தனை நாள் ஆகும்

எண்ணிக்கையும் இருக்கைக் கணக்கும் இரண்டு வாரம். வரைபடம், சர்வே மூன்று வாரம். கொட்டேஷன், ஒப்புதல், பிஓ இன்னொரு மூன்று வாரம், உங்கள் கம்பெனியைப் பொறுத்து இது நீளும். பொருள் வர எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. சுவிட்ச்தான் கடைசியில் வந்தது, ஏபி முன்னாலேயே வந்து பெட்டியில் கிடந்தது, வாரன்டி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சுவிட்சை முதலில் ஆர்டர் போடுங்கள். கேபிள் இழுப்பதைப் பொருளுக்காகக் காத்திருக்கும் அந்த வாரங்களிலேயே முடித்துவிடலாம்.

மாற்றும் தேதியை மார்ச் கடைசி வாரத்தில் வைக்காதீர்கள், கணக்குப் பிரிவு உங்களை விடாது. தீபாவளி, பொங்கல் நீண்ட விடுமுறை ஆபீஸ் காலியாக இருப்பதால் ஆசை காட்டும், ஆனால் கேபிள் ஆட்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். சாதாரண வெள்ளி இரவில் இருந்து ஞாயிறு மாலை வரைதான் சரி. ஞாயிறு மாலைக்குப் பிறகு திங்கள் முழுவதும் கை வைக்காமல் கவனியுங்கள். நெரிசல் குறைந்த நாள் என்பதால் திங்கள் நல்ல ஒத்திகை.

10. மாற்றும் வாரமும் அதற்குப் பிறகும்

எல்லா ஏபியையும் மாட்டும் முன் மேசையில் வைத்து ஆன் செய்து, ஒரே ஃபர்ம்வேருக்குக் கொண்டுவந்து, பெயர் வைத்து, லேபிள் ஒட்டிவிடுங்கள். பெயரில் தளமும் இடமும் இருக்கட்டும். சீலிங்குக்கு மேலே ஏறிய பிறகு சீரியல் நம்பர் படிப்பது பெரிய தண்டனை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு ஹாலில் நாலு ஏபி மாற்றி, அங்கே அதிகம் மீட்டிங் பேசும் டீமை ஒரு வாரம் உட்கார வைத்துப் பாருங்கள். நாங்கள் சப்போர்ட் டீமை வைத்தோம். இரண்டாம் நாளே, நடந்துகொண்டே பேசினால் குரல் அறுபடுகிறது என்றார்கள். 802.11ஆர் என்னும் வேகமாகக் கைமாற்றும் அமைப்பைப் போட்டதும் சரியானது, ஆனால் இரண்டு பழைய பிரிண்டர் அதனால் இணையவே மறுத்தன. அவற்றைச் சாதனங்கள் எஸ்எஸ்ஐடிக்கு மாற்றினோம். இது முழு தளத்தையும் மாற்றிய பிறகு தெரிந்திருந்தால் திங்கள் காலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய ஏபிக்களை உடனே அனுப்பிவிடாமல் இரண்டு வாரம் ஸ்டோர் ரூமில் வையுங்கள். பழைய கன்ட்ரோலரின் செட்டிங் நகலும் ஒரு இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் மாட்டிய பிறகு எடுக்கும் சர்வே. அதை ஆபீஸ் நிரம்பிய செவ்வாய்க்கிழமை எடுக்கச் சொல்லுங்கள், வெண்டர் சனிக்கிழமை வருகிறேன் என்பார். எங்கள் சர்வேயில் 46-ல் மூன்று ஏபிக்களை இடம் மாற்ற வேண்டி வந்தது. அதில் ஒன்று அந்தத் தாழ்வாரத்து ஏபிக்கு மாற்றாக மீட்டிங் ரூமுக்குள் வைத்தது. ஒரு தூண் மறைத்ததால் நாலடி தள்ளி மாட்டினோம். அடுத்த செவ்வாய் 10.40-க்கு அதே அறைக்குப் போய்ப் பார்த்தேன். சேனல் நிரம்பியிருந்தது 34 சதவீதம். உள்ளே ஆறு பேர் மீட்டிங்கில் இருந்தார்கள், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.